வட்டவளைக்குப் போய்வந்த மூட்டை

'மூட்டை' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இடம்பெயரும்போது தலையில் சுமக்கும் மூட்டை. மற்றது, கட்டிலுக்குள் ஒளிந்திருந்து இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சி. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வட்டவளைக்குப் போய்த் திரும்பிய எமது மகளிர் குழு இரண்டையும் ஒன்றாகச் சுமந்து வந்தது. இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

மழை ஓயாத ஊர்

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தார்கள். முதன்முதலில் வந்தவர்கள் காட்டு வழியாக நடந்த பாதையை நினைந்து, அந்த வருடம் ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்றும் இடம்பெற்றது. அதைப் பத்திரிகையில் வாசித்த எமது குழுச் சகோதரி ஒருவர்தான், "நாங்களும் ஒருக்கா மலைநாட்டுப் பக்கம் போய் அந்தப் பெண்களைப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார். கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த எமது சேமிப்புக் குழுவில் 14 பேர். அனைவரும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர். கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் இதில் உள்ளனர். அவர்களில் பலருக்கு இடம்பெயர்வு தவிர வேறு பயணம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. பார்ப்பதற்காக ஓர் ஊருக்குப் போவது என்பதே அவர்களுக்குப் புதிய விடயம்.

ஏ9 வீதியால் பஸ்ஸில் கண்டிக்குச் சென்று, முதல் நாள் இரவு ஒரு மலிவான விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை புகையிரதம் ஏறினோம். நாவலப்பிட்டி வரைக்கும் 1874இலேயே புகையிரதப் பாதை போட்டுவிட்டார்கள். அதன்பின் மலை செங்குத்தாக ஏறுவதால் நானுஓயா வரை கொண்டுசெல்ல 1885 ஆகிவிட்டது. அந்த ஏற்றத்தில்தான் வட்டவளை இருக்கிறது. கல்பொடை தாண்டியதும் ஜன்னலை மூடவேண்டியதாயிற்று. மழை வெளியில் பெய்கிறதா, முகிலுக்குள் நாம் போகிறோமா என்று தெரியவில்லை.

வட்டவளை இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வருடத்தில் 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு தடுத்துக் கொட்டச் செய்கிறது. எங்கள் வன்னியில் ஒரு வருடம் முழுவதும் பெய்வதைப்போல மூன்று, நான்கு மடங்கு அது. "இஞ்ச வயல் விதைச்சா எத்தனை போகம் செய்யலாம்!" என்று ஒரு அக்கா ஆசையோடு சொன்னார். ஆனால் வயலுக்கு நல்லதாகத் தெரிந்த அந்த மழை, உடுப்புக் காயப்போடும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்பதை அன்று மாலையே கண்டோம். லயத்தின் இஸ்தோப்பில் கட்டிய கொடிகளில் மூன்று நாள் பழைய துணிகள் ஈரமாகவே தொங்கின. பாடசாலைச் சீருடையை அடுப்புக்கு மேலே கட்டிப் புகையோடு காயவைக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு நனையாத நாள் குறைவு.

லயம் என்பதை எம் வாசகிகளில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையைக் 'காம்பரா' என்கிறார்கள். பழைய காம்பரா ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. இரு குடும்பங்களுக்கிடையில் இருப்பது ஒற்றைச் சுவர். சுவருக்கு மேலே கூரைவரை பல இடங்களில் திறந்தே கிடக்கும். இந்தப் பக்கம் குழந்தை இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் சுடவைப்பார்கள். நன்மையும் தீமையும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும் என்பதை மனதில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

இருவர் இருவராக ஏழு வீடுகளில் இரண்டு இரவுகள் தங்கினோம். நானும் எம் குழுவின் சகோதரி ஒருவரும் தங்கிய காம்பராவில் ஒரேயொரு கட்டில். வீட்டுக்கார அக்கா அதில் புத்தம் புது விரிப்பை விரித்திருந்தார். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. "நாங்க கீழ படுத்துக்குவோம் மிஸ், எங்களுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, அவரும் மகளும் அடுப்படியில் சாக்கு விரித்துப் படுத்தார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி எங்களுக்கு ரொட்டி சுட்டுவைத்துவிட்டுத்தான் மலைக்குப் போனார். அவருடைய ஒரு நாள் உழைப்பில் எவ்வளவு அந்த விரிப்புக்குப் போயிருக்கும் என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள்

வீடு திரும்பி ஆறாம் நாள் காலையில் என் முன்கையில் நான்கு தடிப்புகள் வரிசையாக இருந்தன. நுளம்பு என்று நினைத்தேன். எட்டாம் நாள் கழுத்திலும் முதுகிலும் வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். கட்டில் சட்டத்தின் மூலையில் பேனாவால் குத்தியது போலக் கரும்புள்ளிகள். பயணப் பையின் ஸிப் ஓரத் தையலுக்குள் தட்டையாக, கபில நிறத்தில் ஒன்று அசைந்தது.

அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். 'லயத்தில் படுத்ததால் வந்தது.'

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் 'அழுக்கு' என்ற முத்திரை எப்படிக் குத்தப்படுகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் பேசியுமிருக்கிறேன். ஆயினும், ஒரு சிறு பூச்சியைக் கண்டதும் என் மனம் நேரே போனது, எனக்குக் கட்டிலைத் தந்துவிட்டுத் தரையில் படுத்த பெண்ணின் வீட்டுக்கு. கண்டி விடுதியின் பழைய மெத்தை நினைவுக்கு வரவில்லை. புகையிரதத்தின் கிழிந்த இருக்கை நினைவுக்கு வரவில்லை. நீண்ட தூர பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பக்கத்துப் பயணியின் பொதியும் நினைவுக்கு வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் வெக்கைப் பரு என்றேன். இரகசியமாக விரிப்பைத் தோய்த்தேன். பையை வெளிக் கொட்டிலில் எறிந்தேன்.

அந்த மௌனத்தின் விலையை வேறொருவர் கொடுத்தார். என்னுடன் ஒரே கட்டிலில் படுத்த சகோதரி, தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்பவர். கணவர் 2009இல் இறந்துவிட்டார். அவருக்கும் கடி. தம்பியின் பிள்ளைகளுக்கும் கடி. "எங்க போய் என்னத்தைக் கொண்டு வந்தனீங்கள்?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அவருடைய பாயும் பெட்டியும் வெளித் திண்ணைக்கு வந்துவிட்டன. 'இனி ஊர் சுற்றத் தேவையில்லை, குழுவுக்கும் போகத் தேவையில்லை' என்று முடிவாயிற்று. கணவனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று ஏற்கெனவே ஒதுக்கிவைத்த வீட்டுக்கு, இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவுமில்லை. இரண்டு சேமிப்புக் கூட்டங்களுக்கு வராததால் நான் தேடிப்போய்த் திண்ணையில் கண்டேன். "உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை? எனக்குத்தான் இப்பிடி" என்றார். நான் சேலைத் தலைப்பை விலக்கி என் கழுத்தைக் காட்டினேன். அவர் அழத் தொடங்கினார்.

அந்த வாரமே வட்டவளையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அதே வீட்டுக்கார அக்கா. சுகம் விசாரித்தார், மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "மிஸ், கோவிச்சுக்காதீங்க. நீங்க போன பொறகு இங்க மூட்டப்பூச்சி கடிக்குது. பக்கத்துக் காம்பராவுலயும் இருக்கு. நா ஒன்னும் சொல்லல. லயத்துல ஆளுங்கதான் பேசிக்கிறாங்க, முகாம்ல இருந்தவங்க பையில கொண்டாந்துருப்பாங்கன்னு" என்றார்.

முகாமில் இருந்தவர்கள். 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாமில் தண்ணீர் பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்ற உயர்தர வகுப்பு மாணவி நான். அந்த முகாம் 2012இல் மூடப்பட்டது. ஆனால் ஒருவரின் உடம்பிலிருந்து முகாம் அவ்வளவு இலகுவில் மூடப்படுவதில்லை என்று அந்தத் தொலைபேசி அழைப்பு சொல்லிற்று. கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அந்தக் கோபம் வெட்கமாகிவிட்டது. அவர்கள் எங்களைப் பற்றி நினைத்ததைத்தான் நான் அவர்களைப் பற்றி நினைத்திருந்தேன்.

மூட்டைப்பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

எமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அவர் சொன்னவற்றையும் நான் தேடி வாசித்தவற்றையும் தொகுத்துத் தருகிறேன்.

வளர்ந்த மூட்டைப்பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளம். அதற்குச் சிறகில்லை, பறக்காது. தெள்ளைப் போலப் பாயவும் மாட்டாது. ஊர்ந்துதான் போகும். ஆகவே தூர இடங்களுக்குப் போக அது நம்பியிருப்பது எங்களையும் எங்கள் பொதிகளையும்தான். பகலில் மெத்தைத் தையல், கட்டில் பொருத்து, சுவர் வெடிப்பு, பையின் மடிப்பு ஆகியவற்றில் ஒளிந்திருந்து, இரவில் வந்து சில நிமிடங்கள் இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். குஞ்சு ஐந்து முறை தோல் கழற்றி வளர்கிறது. ஒவ்வொரு முறைக்கும் இரத்தம் வேண்டும். ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் 200க்கு மேற்பட்ட முட்டைகள் இடக்கூடியது. கருவுற்ற ஒன்றே ஒன்று பையில் வந்தாலும் ஒரு வீட்டுக்குப் போதும். இரத்தமில்லாமலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

அது இரத்தத்தைத் தேடுகிறது, அழுக்கைத் தேடவில்லை. எங்கள் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் அதற்கு வழிகாட்டுகின்றன. மாளிகையில் படுத்தவருக்கும் மண்குடிசையில் படுத்தவருக்கும் சூடு ஒன்றுதான், மூச்சு ஒன்றுதான். பொருட்கள் நிறைந்த சிறிய அறையில் அதைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பது மட்டுமே வேறுபாடு. இன்னொரு ஆறுதலான செய்தியும் உண்டு. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும், நித்திரையின்மையும், மனவுளைச்சலுமே அதனால் வரும் கேடுகள்.

எங்கள் சண்டைக்குத் தீர்ப்பு சொன்ன விபரம் இதுதான்: கடித்த தடிப்பு எல்லோருக்கும் உடனே தெரியாது. சிலருக்கு மறுநாளே தெரியும். சிலருக்குப் பதினான்கு நாட்கள்கூடச் செல்லலாம். சிலருக்குத் தடிப்பே வராது. எனவே ஆறாம் நாள் தடித்த என் கை, கண்டியில் கடிபட்டதா, புகையிரதத்தில் கடிபட்டதா, வட்டவளையிலா, என் சொந்தக் கட்டிலிலா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. எம்மில் ஒருவரின் வீட்டில் முன்பே இருந்து, தடிப்பு வராத உடம்பாதலால் அவருக்கே தெரியாமல் பையில் பயணம் செய்திருக்கவும் கூடும். யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு விடையே இல்லை. விடை இல்லாத கேள்விக்காக ஒரு பெண் திண்ணையில் படுத்திருந்தார்.

மண்டபம் முதல் பாரிஸ் வரை

இந்தப் பழி புதிதல்ல. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் புகையிரதத்தோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. அதன்பின் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை இராமேஸ்வரத்துக்கு அண்மையில் உள்ள மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்தார்கள். உடம்பைப் பரிசோதித்து, உடுதுணிகளைக் கிருமிநீக்கம் செய்த பின்னரே கப்பலேற்றினார்கள். கொள்ளைநோய்களுக்கு அஞ்சியே அப்படிச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால், ஒருவருடைய துணி மூட்டையைக் கண்டவுடன் சந்தேகிக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்து வந்தது.

பிற்காலத்தில் போருக்கு அஞ்சி வள்ளங்களில் இராமேஸ்வரம் போன எங்கள் உறவுகளையும் முதலில் தங்கவைத்தது அதே மண்டபத்தில்தான். அவர்களுடைய கொழுந்துக் கூடையின் வரலாறும் எங்களுடைய இடப்பெயர்வின் வரலாறும் ஒரே முகாமின் வாசலால் நுழைந்திருக்கின்றன. ஆனாலும் இரண்டு தரப்பும் மற்றத் தரப்பின் மூட்டையைப் பார்த்து மூக்கைப் பொத்தினோம்.

நாங்கள் இப்படிக் குழம்பிக்கொண்டிருந்த அதே செப்ரெம்பர் இறுதியில், பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் கலங்கிப்போயிற்று. புகையிரதங்களிலும் திரையரங்குகளிலும் கண்டதாக உலகச் செய்திகளில் வந்தது. பிரான்ஸில் 2017க்கும் 2022க்கும் இடையில் பத்தில் ஒரு வீட்டுக்கு மேல் மூட்டைப்பூச்சி இருந்ததாக அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகவர் நிலையம் 2023இல் அறிவித்திருந்தது. அங்கிருக்கும் என் சின்னம்மா, "இஞ்ச பெரிய பெரிய ஆக்களே கட்டிலை றோட்டில போடுகினம்" என்றார். லயத்தையும் முகாமையும் குற்றம் சாட்டிய எங்களுக்கு அது நல்ல பாடம். வடமொழியில் ஒரு பழைய வேடிக்கைச் சுலோகம் உண்டு. இலக்குமி தாமரையிலும், சிவன் இமயத்திலும், திருமால் பாற்கடலிலும் போய்ப் படுப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் என்று அது கேலி செய்கிறது. கடவுளருக்கே வராத வெட்கம் எங்களுக்கு எதற்கு?

செய்தவையும் செய்யாதவையும்

அடுத்த சேமிப்புக் கூட்டத்தில் நானே முதலில் எழும்பி, "என் வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் கையை உயர்த்தினார். இன்னொருவர் உயர்த்தினார். 14 பேரில் ஐந்து வீடுகள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "லயத்தில படுத்தால் வேற என்ன வரும்?" என்றது. எனக்கு முன்பே, எம் குழுவின் மூத்த அம்மா ஒருவர் பதில் சொன்னார். "என்ர அம்மா லயத்தில பிறந்தவ. எழுபத்தேழுக் கலவரத்தில அற்றன் பக்கமிருந்து ஓடி வந்து இஞ்ச காடு வெட்டினவ. அவ கட்டின வீட்டிலதான் நீங்கள் எல்லாரும் வந்து ரீ குடிக்கிறனீங்கள்." அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் எத்தனை என்பதை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஐந்து வீடுகளையும் எல்லோரும் சேர்ந்து, ஒரே நாளில் சுத்தம் செய்வதென்று தீர்மானித்தோம். நாங்கள் செய்தது இதுதான்.

முதலில் தேடினோம். கட்டில் பொருத்து, மெத்தைத் தையல், தலையணை, பாயின் விளிம்பு, சுவரில் தொங்கும் கலண்டரின் பின்புறம், பயணப் பை எல்லாவற்றையும் ரோச் லைற் வெளிச்சத்தில் பார்த்தோம். கரும்புள்ளி, கழற்றிய தோல், வெண்மையான சிறு முட்டை, விரிப்பில் இரத்தப் பொட்டு ஆகியவை அடையாளங்கள்.

துணிகளை அறையிலேயே பையில் போட்டு வாயைக் கட்டி வெளியே எடுத்தோம். வீடெல்லாம் உதறிக்கொண்டு போனால் பூச்சியை நாமே விதைப்போம். துணிகளைச் சுடுநீரில் அவித்தோம். 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு முழுதாகப் பட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். அவிக்க முடியாத பை, சப்பாத்து போன்றவற்றைக் கறுப்புப் பொலித்தீன் பையில் மெல்லிய அடுக்காக இட்டு, வெளிச் சீமெந்துத் தரையில் நடுப்பகல் முழுவதும் வெயிலில் வைத்தோம். தடித்த மெத்தைக்கு இது போதாது. மேற்புறம் சுட்டதும் பூச்சி உள்ளே போய்விடும். கட்டிலைக் கழற்றிப் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றினோம். சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தோம். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிவைத்தோம். முட்டைகள் ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும் என்பதால் இரண்டு வாரத்தின் பின் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஒரு மாதத்தின் பின்னும் தேடிப் பார்த்தோம்.

செய்யாதவையும் முக்கியம். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கட்டிலுக்கு அடிக்கவில்லை. பலரின் வீட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் குழந்தை படுக்கும் மெத்தையில் நஞ்சைத் தெளிப்பது மூட்டைப்பூச்சியைவிட ஆயிரம் மடங்கு ஆபத்து. மண்ணெண்ணெயும் ஊற்றவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை பழமொழியாக மட்டும் இருக்கட்டும். மருந்தை மட்டும் நம்பியும் பயனில்லை. மலேரியாவை ஒழிக்க டி.டி.ரி. தெளித்த காலத்தில் உலகின் பல பாகங்களில் மூட்டைப்பூச்சிகளும் செத்தன. ஆனால் 1947இலேயே ஹவாய்த் தீவின் பேர்ள் ஹாபர் படைமுகாமில், டி.டி.ரி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். இன்று பாவிக்கும் பல மருந்துகளுக்கும் அவை பழகிவிட்டன. மருந்து தேவைப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே பாவியுங்கள்.

வட்டவளைக்கு என்ன சொல்வது என்பதுதான் கடினமாக இருந்தது. எங்களிடம் வெயில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. வட்டவளையில் கறுப்புப் பையை வெளியில் வைத்தால் அது நனைந்த பைதான். எனவே அவர்களுக்குச் சுடுநீரும் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியுமே வழி. இன்னொன்றும் உண்டு. ஒற்றைச் சுவர் உள்ள லயத்தில் ஒரு காம்பராவை மட்டும் சுத்தம் செய்தால், பூச்சி பக்கத்துக் காம்பராவுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வரும். லயம் முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டும். அதற்கு, தன் வீட்டில் இருப்பதை ஒருவர் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான் தொலைபேசியில், "அக்கா, எங்கள் ஐந்து வீட்டில் இருக்கு. என்னுடைய வீட்டிலும் இருக்கு. நாங்கள் கொண்டு வந்திருக்கலாம், இங்கிருந்து கொண்டு போயிருக்கலாம், ஒருவருக்கும் தெரியாது" என்றேன். மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. "நா இத லயத்துல சொல்லலாமா மிஸ்?" என்று கேட்டார். எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாளில், அந்த லயத்தின் பெண்கள் எல்லா அடுப்புகளிலும் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள்.

பேச்சுவாக்கில் இன்னொரு செய்தியையும் அவருக்குச் சொன்னேன். ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் முற்காலத்தில் இரவில் கட்டிலைச் சுற்றிப் போஞ்சி இலையைப் பரப்பி வைப்பார்களாம். இலையிலுள்ள கொக்கி போன்ற நுண்ணிய மயிர்கள் பூச்சியின் காலைக் குத்திப் பிடிக்கும். காலையில் இலையோடு எரித்துவிடுவார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் இது உண்மையே என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். "போஞ்சி எங்க தோட்டத்துலயே கெடக்கே!" என்று அந்த அக்கா சிரித்தார். அது முழுத் தீர்வல்ல. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் மறுபடி சிரிப்பு வந்தது அன்றுதான்.

பைகள் காய்ந்த முற்றம்

திண்ணையில் படுத்த சகோதரியின் வீட்டுக்கு எம் குழுவில் ஒன்பது பேர் போனோம். தம்பியின் மனைவியைக் குற்றஞ்சாட்டப் போகவில்லை. கட்டிலைக் கழற்றப் போனோம். வேலை முடிந்து ரீ குடிக்கும்போது நான் என் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். "மிஸ்ஸுக்குமா?" என்று அவர் திகைத்தார். இரண்டு வாரத்தின் பின் இரண்டாம் முறை சுத்தம் செய்யப் போனபோது அந்தச் சகோதரியின் பெட்டி உள்ளே வந்திருந்தது. பாய் இன்னும் திண்ணையில்தான் இருந்தது. அதுவும் உள்ளே வர மேலும் ஒரு மாதம் சென்றது. வீட்டின் பூச்சி போன வேகத்தில் மனதின் பூச்சி போகவில்லை. ஆனால் குழுவுக்கு அவர் தவறாமல் வருகிறார்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் வட்டவளைப் பெண்கள் எங்களிடம் வந்தார்கள். மழை விட்டு நல்ல வெயில் எறித்த காலம். அவர்கள் வருவதற்கு முன் எங்கள் குழு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது. விருந்தினர் வந்ததும் முதலில் பைகள் முற்றத்துக்கு, பிறகு மனிதர் வீட்டுக்குள். அவர்களுடைய பைகளோடு எங்களுடைய பைகளையும் சேர்த்தே கறுப்புப் பொலித்தீனில் இட்டுச் சீமெந்துத் தரையில் வரிசையாக வைத்தோம். எது யாருடையது என்று பார்த்தால் தெரியாது. வீட்டுக்கார அக்கா முற்றத்து வெயிலைப் பார்த்து, "இந்த வெயில்ல பாதி எங்களுக்குக் குடுங்க" என்றார். எங்கள் மூத்த அம்மா உடனே, "உங்கட மழையில பாதியைத் தாங்கோ" என்றார்.

அன்றிரவு என் வீட்டில் தங்கியவர் அவர்தான். என்னிடமும் ஒரே கட்டில். புது விரிப்பு வாங்கி விரித்திருந்தேன். "நீங்க மேல படுங்க மிஸ்" என்று அவர் பழையபடி தொடங்கினார். நான் ஏற்கெனவே கீழே பாயை விரித்துவிட்டேன்.

அன்புச் சகோதரிகளே, ஆஸ்பத்திரிக்கோ, நீதிமன்றத்துக்கோ, பிள்ளையின் பரீட்சைக்கோ, வெளிநாடு போய் வரவோ எம்மில் பலர் இனியும் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. தங்கும் இடத்தில் பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல் கொழுவியில் தொங்கவிடுங்கள். படுக்குமுன் மெத்தைத் தையலை ஒருமுறை பாருங்கள். வீடு திரும்பியதும் பையை முற்றத்திலேயே திறந்து, துணியை நேரே சுடுநீரில் போடுங்கள். இவ்வளவும் செய்தும் வந்துவிட்டால், முதலில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். 'யார் கொண்டு வந்தது?' என்று கேட்பதை விட்டு, 'எப்போது சேர்ந்து சுத்தம் செய்வோம்?' என்று கேளுங்கள்.